வாரியைக் கரையேற்றிய மிர்சினி

எங்கள் கிரேக்கத் தீவின் கலோனி வளைகுடாவில் சிப்பி வாருவதில் மிர்சினியை மிஞ்சிய ஆள் எங்கள் துறையில் இருந்ததில்லை. மீனவர் சங்கத்தில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்தவன் சொல்கிறேன். கணவன் இக்னாதிஸ் முதுகு அடிபட்டுப் படகை விட்ட பிறகு சுக்கானை அவள் பிடித்தாள். இரும்புப் பற்கள் வைத்த வாரியைக் கடலடியில் இழுத்துப் போனால், மற்றவர்கள் இரண்டு கூடை எடுக்கும் இடத்தில் அவள் ஐந்து எடுப்பாள்.

பிறகு ஐந்து மூன்றானது, மூன்று ஒன்றானது. இரண்டு குளிர்காலமாக மழை சரியில்லை. எல்லோரும் வானத்தைத் திட்டினார்கள்.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் பழைய கிரேக்கம் கற்பிக்கப் பெலாயியா என்ற ஆசிரியை வந்திருந்தாள். ஒரு மத்தியானம் சங்க வாசலில் மத்தி மீனும் ஊசோ சாராயமுமாக உட்கார்ந்து நாங்கள் புலம்பியதைக் கேட்டவள், "இது புதுசில்லையே" என்றாள். "அரிஸ்டாட்டில் நம்ம தீவுல ரெண்டு வருஷம் இருந்தாரில்ல, அப்பவே எழுதி வச்சிட்டாரு. இந்தக் குடாவுல சிப்பி அத்துப்போனதுக்கு வாரியும் ஒரு காரணம்னு."

மிர்சினி சிரித்தாள். "டீச்சர், அவரு ராஜா வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் சொன்னவரு. அவருக்குச் சிப்பியப் பத்தி என்ன தெரியும்?"

"தெரியாதுன்னுதான் மீன் பிடிக்கிறவங்கள விசாரிச்சாரு. அதோட விடாம, மீன வாங்கி அறுத்தும் பாத்தாரு."

மிர்சினி கையிலிருந்த மீனைத் தட்டில் வைத்தாள். "அப்ப அவருக்குச் சொன்னது நம்ம ஆளுங்களா?"

"வேற யாரு சொல்லியிருப்பா?"

மறுநாள் அவள் வாரியை எடுத்துப் போகவில்லை. குடாவின் வாயருகே பாறை நிறைந்த ஓரிடம் உண்டு. வாரியின் பல் உடையும் என்று யாரும் அங்கே போவதில்லை. நாற்பத்தாறு வயதில் அங்கே மூச்சடக்கி மூழ்கினாள். சாயங்காலம் என் மேசையில் ஈரத்தோடு ஒரு தொப்பி நிறையச் சிப்பியைக் கொட்டினாள். அடுத்து, உட்குடாவில் நாங்கள் வாரும் இடங்களில் மூழ்கிப் பார்த்தாள். உழுத வயல் மாதிரி வெறும் சேறு. ஒரு மாதத்தில் பதினோரு இடம் பார்த்துவிட்டுச் சங்கக் கூட்டத்தைக் கூட்டச் சொன்னாள். உட்குடாவில் மூன்று வருஷம் யாரும் வாரி போடக் கூடாது என்பது அவள் கேட்டது.

முதலில் எழுந்தவன் அவள் கொழுந்தன் புரோகோப்பிஸ்.

"அண்ணி, செத்துப்போன கிழவன் பேச்சக் கேட்டு வாரியத் தூக்கிப் போடணுமா? அந்தாளா வந்து எங்க வீட்டுக்குச் சோறு போடுவாரு? அவரே மழை இல்லாததும் காரணம்னுதான எழுதியிருக்காரு. டீச்சர்கிட்ட நானும் கேட்டேன்."

கூட்டம் சிரித்தது. மிர்சினி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"எழுதியிருக்காரு தம்பி. பாறைப் பக்கமும் அதே மழைதான். அங்க சிப்பி இருக்கு. நீ நம்ப வேணாம், போய் மூழ்கிப் பாரு. மழை நம்ம கையில இல்ல. வாரி நம்ம கையிலதான இருக்கு? உங்க எல்லாரையும்விட அதிகமா வாரினவ நான். முதல்ல என்னோடத கரையேத்துறேன்."

பதினேழு கைகள் ஆதரவாக உயர்ந்தன, எதிராகப் பதினான்கு.

அந்த வருஷங்கள் லேசானவையல்ல. அவள் வலை வீசி மத்தி பிடித்துக் குடும்பத்தை ஓட்டினாள். தேவாலய வாசலில் சில பெண்கள் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இக்னாதிஸ் மட்டும் ஊன்றுகோலோடு அவள் பக்கத்தில் நிமிர்ந்து நடப்பான்.

நான்காம் வசந்தத்தில் உட்குடாவில் முதலில் மூழ்கியவன் புரோகோப்பிஸ். உள்ளங்கை அகலச் சிப்பிகளோடு மேலே வந்தான். நேரே அண்ணி வீட்டுக்குப் போய்க் கூடையை வைத்தான். "கீழ நிறையக் கிடக்கு அண்ணி. குட்டியும் கிடக்கு. அதத் தொடல."

இப்போதும் எங்கள் உட்குடாவில் கையால்தான் சிப்பி எடுக்கிறோம். எங்கள் சங்கத்தின் முதல் விதி அது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதைப் படித்துக் காட்டுவது புரோகோப்பிஸ்தான். படிக்கும்போது தன் அண்ணியின் பெயரை ஒருமுறைக்கு இருமுறை சொல்லுவான்.