புளியில் கரைந்த இரண்டாம் வரி

கல்லூரி கோடை விடுமுறைக்கு மூடியிருந்த அந்தச் சித்திரை மாதத்தில், என் மேசைமீது எனக்குச் சொந்தமில்லாத ஒரு சிலை இருந்தது. ஒரு முழ உயரம்கூட இல்லாத சுண்ணாம்புக்கல் சிலை. சம்மணமிட்டு அமர்ந்த ஓர் எகிப்திய எழுத்தர். மடியில் விரித்த சுருள். அதன்மேல் எதையோ எழுதத் தொடங்கும் வலக்கை. அப்பாவின் நண்பரான ரங்கூன் துறைமுகக் கிடங்கு ஊழியர் ஒருவர், உலகப் போர்க் காலத்தில் பட்டாளத்தோடு எகிப்தில் கூடாரத்தில் இருந்தபோது இரண்டு டின் சிகரெட்டுக்கு மாற்றாக வாங்கியது அது. அவரை நான் மாமா என்றுதான் அழைப்பேன். விடுமுறை முடிந்ததும் இலக்கியக் கூட்டத்தில் பண்டை எகிப்தின் எழுத்தர்களைப் பற்றி நான் கட்டுரை வாசிக்கவிருப்பதைக் கேள்விப்பட்டு, ரங்கூனின் தாமுவே பகுதியிலிருந்த எங்கள் வீட்டுக்கு அவரே அதைக் கொண்டுவந்தார். "வச்சுப் பாரும்மா. பௌர்ணமியன்னைக்கு வந்து எடுத்துக்கிறேன்" என்றார்.

பீடத்தின் முன்புறம் இரண்டு வரிகள் செதுக்கப்பட்டிருந்தன. என் கட்டுரையே அந்த இரண்டு வரிகளை நம்பித்தான் இருந்தது. எகிப்தியர் சிலையின் முகத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காண்பதில்லை. முகங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பீடத்தில் உள்ள பெயர்தான் ஆள். பிறர் சிலையிலிருந்த பெயரைச் செதுக்கி எடுத்துவிட்டுத் தம் பெயரைப் பொறித்துக்கொண்ட அரசர்கள் உண்டு. அந்த நொடியிலிருந்து சிலை அவர்களுடையதாகிவிடும். இந்த மனிதரின் பெயரைக் கூட்டத்தில் நான் உரக்கச் சொல்ல விரும்பினேன். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

எகிப்திய எழுத்துகளின் அட்டவணை நகர நூலகத்தில் இருந்தது, வெளியே தரமாட்டார்கள். ஆகவே வீட்டில் குறிகளைப் படியெடுப்பேன். டிராம் ஏறிச் சென்று நூலகத்தில் ஒப்பிடுவேன். முதல் வரிக்கு எட்டு நாட்கள் ஆயின. அது ஒரு படையல் வேண்டுதல்: ரொட்டி ஆயிரம், பீர் ஆயிரம், மாடு ஆயிரம், பறவை ஆயிரம். இரண்டாம் வரியின் முதற்குறி மைத்தட்டும் நீர்க்குடுவையும் நாணல் பேனா வைக்கும் குழலும் சேர்ந்தது. 'எழுத்தர்' என்னும் பதவி. அதற்கு அடுத்து ஆறு குறிகள். அவைதாம் பெயர்.

அந்த ஆறையும், முதற்குறியை வரைந்த அன்றே நான் ஏன் வரைந்துகொள்ளவில்லை என்று யாரும் கேட்டதில்லை, நான்தான் கேட்டுக்கொள்கிறேன். தாளில் போட்டிருந்த கட்டங்களில் ஒரு கோடு கோணலாகிவிட்டது. கோணலான கட்டத்தில் ஒரு மனிதரின் பெயரை எழுதுவதா என்று, புதுத் தாளில் மறுநாள் கோடு போட முடிவுசெய்தேன்.

அத்தை, அதாவது எங்கள் வீட்டை ஆண்டுவந்த அப்பாவின் அக்கா, சிலை வந்த நாளிலேயே கேட்டிருந்தாள்.

"ஏட்டி, இவரு யாரு?"

"எழுதுறவர், அத்தை."

"என்னத்த எழுதுதாரு?"

"எல்லாந்தான். அவங்க ஊர்ல ஆள் செத்த பிறகு நெஞ்சத் தராசுல வச்சு நிறுத்துப் பாப்பாங்களாம். அப்பக்கூட பக்கத்துல ஒருத்தர் நின்னு எழுதுவாராம்."

அத்தை நெடுநேரம் சிலையைப் பார்த்தாள். நான் சொன்னது சரியான தகவல்; ஆனால் அங்கே நின்று எழுதுபவர் ஒரு தெய்வம் என்றும், இவர் சம்பளத்துக்கு எழுதிய மனிதர் என்றும் கூடுதலாக இரண்டு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். தேவைக்கு மேல் பேசாத என் வழக்கத்தை அதுவரை ஒரு நற்குணம் என்றே எண்ணியிருந்தேன்.

கோடு கோணலானதற்கு மறுநாள், சித்திரா பௌர்ணமியன்று, அந்த முதற்குறியை நூலகத்தில் சரிபார்த்துவிட்டுப் பிற்பகல் திரும்பினேன். மேசை காலியாக இருந்தது. எழுத்தர் பூஜை அலமாரியில் இருந்தார். நெற்றியில் திருநீறு, மார்பில் சந்தனம், கழுத்தில் அரளி மாலை. மடியிலிருந்த சுருளின்மேல் ஓர் ஓலை நறுக்கும் எழுத்தாணியும் வைக்கப்பட்டிருந்தன. உடல் முழுவதும் வெள்ளைவெளேர் என்றிருந்தது.

"அத்தை, என்ன செஞ்சீங்க?"

"சித்திரகுப்தருக்கு நம்ம வீட்ல படமே இல்லன்னு எத்தன வருசமாச் சொல்லுதேன்? அவரே கப்பலேறி வந்துருக்காரு. அழுக்கோடயா உக்கார வைக்க?"

"எதப் போட்டுத் தேய்ச்சீங்க?"

"புளிதான். வெளக்கு, சொம்பெல்லாம் அதுலதான தேய்க்கோம். காலைலயே புளித்தண்ணில ஊறப்போட்டு, செங்கப்பொடியும் தேங்கா நாரும் வச்சுத் தேய்ச்சேன். நுரைநுரையா அழுக்கு வந்துச்சு பாரு!"

அந்த நுரை அழுக்கு அல்ல, கல். புளிப்பு பட்டால் சுண்ணாம்புக்கல் பொங்கிக் கரையும். மாலையை விலக்கிப் பீடத்தைப் பார்த்தேன். முதல் வரியில் அங்கங்கே சில குறிகள் மங்கலாகத் தெரிந்தன. அழுக்கு மிகுதியாக அப்பியிருந்த கீழ்வரியில் அத்தை கூடுதல் சிரத்தை காட்டியிருந்தாள். அங்கே விரலை ஓட்டினேன். வழுவழுப்பாக இருந்தது.

"அதுல அவர் பேர் இருந்துச்சு, அத்தை."

"அவரு பேருதான் ஊருக்கே தெரியுமே!"

மாமா வந்தால் எனக்காக அவராவது கோபிப்பார் என்று காத்திருந்தேன். அவர் வந்தார், செருப்பைக் கழற்றினார், சிலையைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அடேயப்பா! நான் வாங்குனப்பகூட இந்தப் பளபளப்பு இல்லையேக்கா. சாமியாக்கிட்டீங்க. இனி இவர நான் எங்க தூக்கிட்டுப் போக? இங்கயே இருக்கட்டும்."

"மாமா, எழுத்து அழிஞ்சு போச்சு."

"நமக்கு வாசிக்கத் தெரியாத எழுத்துதானேம்மா, விடு."

அந்தி சாய்ந்ததும் தெருப் பெண்கள் வந்து கூடத்தில் அமர்ந்தார்கள். சித்திரகுப்தரின் கதையை அன்று யாராவது உரக்கப் படிக்க வேண்டும். அந்த வீட்டில் திக்காமல் படிப்பவள் நான். என் வாயிலிருந்து வேறொருவருடைய பிறப்பும் வளர்ப்பும் வரிவரியாக வந்துகொண்டிருக்க, எழுத்தர் தனக்குச் சற்றும் சம்பந்தமில்லாத அந்த வாழ்க்கையை நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். அவர்முன் சர்க்கரைப் பொங்கல், சுண்டல், பானகம், நீர்மோர். பாதிக் கதையில் என் குரல் நின்றது. ரொட்டி ஆயிரம், பீர் ஆயிரம் என்று கல்லில் எழுதிவைத்து அவர் கேட்டது இதைத்தான். அதை எட்டு நாட்கள் உட்கார்ந்து வாசித்த நான் அவருக்கு ஒரு பிடி சோறு வைக்கவில்லை. வாசிக்காத அத்தை வைத்தாள். அதையும் இன்னொருவர் பெயருக்கு வைத்தாள். யாரைக் கோபித்துக்கொள்வது என்றுகூடத் தெளிவாகத் தெரியாதது எனக்குப் பெரும் எரிச்சலாக இருந்தது.

"ஏன் நிறுத்திட்ட? படிட்டி!" என்றாள் அத்தை. படித்தேன்.

கல்லூரி திறந்ததும் கட்டுரையை வாசித்தேன். நான் எதிர்பார்த்தபடியே, நான் விரும்பாதபடியே, முதல் கேள்வி வந்தது: அந்த எழுத்தரின் பெயர் என்ன? "தெரியவில்லை" என்றேன். புளியைப் பற்றிச் சொல்லவில்லை.

மழையில் நனைந்து வீடு திரும்பியபோது அத்தை துண்டை நீட்டியபடி, "கூட்டத்துல என்ன கேட்டாங்க?" என்றாள்.

"அவர் பேர் என்னன்னு கேட்டாங்க."

"சொல்லியிருக்க வேண்டியதுதான? இவ்வளவு படிச்சும் வாயத் தொறந்து ஒரு பேரச் சொல்லத் தெரியல ஒனக்கு!"

நான் தலையைத் துவட்டிக்கொண்டு என் அறைக்குப் போனேன். மேசைமீது, ஒரு கோடும் கோணாமல் நான் போட்டுவைத்த புதுத் தாள் கிடந்தது. முதற்கட்டத்தில் மைத்தட்டும் குடுவையும் குழலும். அடுத்த ஆறு கட்டங்களும் காலி.