கிரேஸ் டீச்சர் கடித்த ஜாதிக்காய்

சென்ற வியாழக்கிழமை காலை பல்லாவரம் ஸ்டேஷனில் கடற்கரை வண்டிக்காக நின்றிருந்தேன். எதிர் பிளாட்பாரத்தில் நின்ற எங்கள் பழைய பள்ளி ஆயா என்னைப் பார்த்துவிட்டுப் படியேறி இறங்கி வந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே, "தையல் டீச்சர் போய்ட்டாங்கம்மா. ரெண்டு நாள் ஜுரம், அவ்ளோதான்" என்றாள். என் வண்டி வந்து நின்றது. நான் ஏறவில்லை. அவளோடு தாம்பரம் போனேன்.

அவரிடம் தையல் படித்தவர்களுக்கு நான் கிரேஸ் டீச்சரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. முடிச்சுப் போடாமல் நூலை அறுத்தவளை அவர் எப்படிப் பார்ப்பார் என்பது உங்களுக்கே தெரியும். நான் எழுத வந்தது, பல வருடங்களுக்கு முன் நாங்கள் சேர்ந்து குடியிருந்த வீட்டில் நடந்த ஒன்று. அதில் தவறு செய்தவள் நான். அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. நானாவது சொல்ல வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதே பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்தும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது பெஞ்சுக்குமேல் என் குரல் போகாது. தங்க இடமில்லாமல் நின்ற எனக்கு, தாம்பரம் சானடோரியத்துக்குப் பின்னால் தாம் குடியிருந்த போர்ஷனில் ஒரு பாதியைக் கொடுத்தவர் டீச்சர். அங்கே டைகரும் இருந்தது. செம்பட்டை நிற நாட்டு நாய். பல்லி விழுந்தால் கட்டிலுக்கடியில் ஓடிவிடும்.

பின்னாலிருந்த குன்றில் கல் குவாரி. ஞாயிறு தவிர மற்ற நாட்களில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கும் விசில் ஊதி, சற்றுப் பொறுத்து வெடி வைப்பார்கள். ஐந்து மணி விசில் கேட்டதும் டைகர் நடுங்கும். வெடித்ததும் ஊளையிட ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஓயாது.

முன் போர்ஷனில் வீட்டுக்கார அம்மா தனம்மா இருந்தார். மகள் பிரசவித்து இருபது நாள் ஆகியிருந்தது. ஒரு திங்கட்கிழமை அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"இன்னா டீச்சர், புலின்னு பேர் வெச்சுகினு எலியாட்டம் கத்துது? கொயந்த தூக்கிப் போட்டு அயுவுது. மத்தியானம் வெடிக்கு செவனேன்னு படுத்துகினு கீது. நீங்க வூட்டுக்கு வந்தப்புறந்தான் இந்த ஆட்டம். செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்க. ஞாயித்துக்கெயமக்குள்ள அடங்கலன்னா, ஆள வுட்டு ஏரிக்கு அந்தாண்ட கொண்டுபோய் வுட்டுடுவேன்."

டீச்சர் மறுநாளே மருந்து தேடத் தொடங்கினார். பள்ளியில் ஆளுக்கொன்று சொன்னார்கள்: வல்லாரைச் சாறு, துளசிக் கஷாயம், கசகசா அரைத்த பால். அவருக்கு இரண்டு விதிகள் இருந்தன. தாம் குடித்துப் பார்க்காததை நாய்க்குக் கொடுக்க மாட்டார். ஒரு சமயத்தில் ஒன்றுதான் கொடுப்பார். "ரெண்டையும் சேத்துக் குடுத்தா, எது கேட்டுச்சுன்னு எப்படித் தெரியும் சரோ?" என்பார். கசகசாப் பாலைக் குடித்துவிட்டு வகுப்பில் தூங்கி வழிந்தார். "எனக்கே இப்படின்னா அவனுக்கு வேணாம்" என்று அதை விட்டுவிட்டார். வல்லாரையும் துளசியும் டைகரின் வயிற்றுக்குள் போயின. ஊளை மட்டும் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமையும் போய்விட்டது.

சனிக்கிழமை காலை டீச்சர் சர்ச்சுக்குப் பூ அலங்காரம் செய்யப் போயிருந்தார். முன் வீட்டில் தனம்மா குழந்தைக்கு ஜாதிக்காய் இழைத்துக்கொண்டிருந்தார். என் தம்பி தங்கைகள் எல்லோரும் அதில் தூங்கியவர்கள்தான். தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"பச்சக் கொயந்தைக்கே குடுக்கிறோம். நாய்க்கு இன்னா ஆவும்? எடுத்துகினு போ சின்ன டீச்சர்" என்று ஒரு முழுக் காயைக் கொடுத்தார்.

குழந்தைக்குக் கல்லில் இரண்டு இழைப்பு போதும். டைகர் பெரிய உடம்பு என்று கணக்குப் போட்டு, நான் அரைக் காயை இழைத்து மோர்ச் சோற்றில் பிசைந்து வைத்தேன். பன்னிரண்டு மணி வெடிக்கு அது அசையவில்லை. மருந்து கேட்கிறது என்று மகிழ்ந்துபோனேன்.

ஒரு மணிக்கு அதன் பின்னங்கால்கள் மடங்கின. எழுந்தது, சுவரில் மோதியது, விழுந்தது. கண்ணின் கருமணி அகன்றுபோயிருந்தது. விலாவில் கை வைத்தால் தையல் மெஷின் ஓடுவதுபோல இதயம் அடித்தது. மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். கம்பவுண்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஜாதிக்காயா? நாய்க்கு ஆகாதும்மா அது. மாத்து மருந்து எதுவும் கிடையாது. வெளிச்சம் படாம படுக்க வைங்க. தண்ணி குடிச்சாக் குடுங்க. நாளைக்குக் காலைல எழுந்து நின்னா பொழைச்சுது."

திரும்பியபோது டீச்சர் டைகரின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"எவ்வளவு குடுத்தே?"

"அரைக் காய்."

"மீதி எங்கே?"

கொண்டுவந்து நீட்டினேன். வாங்கி, நான் தடுப்பதற்குள் ஒரு துண்டைக் கடித்து மென்று விழுங்கிவிட்டார்.

"எப்பவும் நான் முதல்ல. இன்னிக்கு முறை மாறிப்போச்சு, அவ்வளவுதான். அவனுக்கு உள்ளே என்ன பண்ணுதுன்னு தெரியணுமில்ல?"

நாய்க்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்தார். நாலரைக்கு, "சுத்துது சரோ" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மற்ற நாட்களில் நாலே முக்காலுக்கே அவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பார். ஜன்னல்களைச் சாத்துவார். டைகரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதடா, பயப்படாதடா" என்பார். அன்று எதுவும் இல்லை. விசில் ஊதியது. டைகர் தலையைத் தூக்கியது. அது ஜன்னலைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அவர் அரைத் தூக்கத்தில் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். டைகர் தலையைக் கீழே வைத்தது. வெடித்தது, அலமாரிப் பாத்திரங்கள் அதிர்ந்தன, முன் வீட்டில் குழந்தை வீறிட்டது. டைகரின் ஒரு காது மட்டும் ஆடியது.

மத்தியானம் செவனேன்னு படுத்துகினு கீது. தனம்மாவின் ஏச்சு அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை டைகர் நான்கு காலில் நின்று தண்ணீர் குடித்தது. தனம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாத்த துன்னுச்சு?" என்றார். நான் வாயெடுப்பதற்குள் டீச்சர், "ஏதோ ஒத்துக்கல தனம்மா" என்று முடித்துவிட்டார்.

"மொதல்ல நல்லாப் பொயக்கட்டும். வெரட்றத அப்பால பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார் தனம்மா.

ஆனாலும் எனக்குப் புரிந்தது சரிதானா என்று சந்தேகம் இருந்தது. டைகர் அன்று ஊளையிடாததற்கு வெறும் மயக்கமும் காரணமாக இருக்கலாம். திங்கட்கிழமை பள்ளியிலிருந்து வரும் வழி முழுவதும் வாக்கியத்தைக் கூட்டிக்கொண்டே வந்தேன். கதவைத் திறக்கும்போது சொன்னேன்: "டீச்சர், டைகர் வெடிக்குப் பயப்படலை. உங்க முகத்தைப் பாத்துத்தான் பயப்படுது."

அவர் முகம் இறுகியது. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்ப இத்தனை கஷாயத்தையும் சரியான ஆள்தான் குடிச்சிருக்கு" என்றார்.

அன்று ஐந்து மணிக்கு அவர் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முறத்தில் ரேஷன் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கினார். விசில் ஊதியபோது தலை நிமிரவில்லை. வெடித்தபோது ஒரு பிடி அரிசி தரையில் சிதறியது. டைகர் நடுங்கிக்கொண்டே வந்து அந்த அரிசியை முகர்ந்து பார்த்தது. ஊளையிடவில்லை. அவருக்கு ஏன் அந்தப் பயம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தனம்மாவின் பேத்தி டைகரின் காதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நிற்கப் பழகினாள். பிறகு நான் வேறு பள்ளிக்கு மாறிப் பல்லாவரத்துக்குக் குடிவந்துவிட்டேன்.

வியாழக்கிழமை அடக்கம் முடிந்து அந்த வீட்டுக்குத் திரும்பினோம். டைகர் காலியான கட்டிலுக்கடியில் கிடந்தது. முகமெல்லாம் நரைத்துவிட்டது. தையல் பெட்டியைத் திறந்தேன். நூல்கண்டுகளுக்கு நடுவே, பல் தடத்தோடு அந்த ஜாதிக்காய்த் துண்டு. அதை எடுத்துக்கொண்டேன்.

அப்போது விசில் ஊதியது. டைகர் தலையைத் தூக்கி அறையில் ஒரு முகத்தைத் தேடியது. கடைசியில் என்னைப் பார்த்தது. அழுதுகொண்டிருந்த நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி, முறத்தை மடியில் வைத்துக்கொண்டேன்.

டைகர் இப்போது பல்லாவரத்தில் என்னோடு இருக்கிறது.