பொக்கட்டுக்குள் இருந்த சாரதி

கொழும்பு பஸ் என்னைப் பாலாவிச் சந்தியில் இறக்கிவிட்டபோது காலை பத்து மணி. புத்தளம் நகரத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம். கற்பிட்டி வீதி இங்கேயே பிரிகிறது. என் கையில் ஓர் அட்டைப் பெட்டி. அதற்குள் பல மாதச் சனிக்கிழமைகளைத் தின்று வளர்ந்த என் ரோபோ: நான்கு சில்லு, முதுகில் கூடை, வயிற்றுக்குக் கீழே இரண்டு சென்சர். தரையில் கறுப்புக் கோடு ஒட்டினால் அதைப் பார்த்துப் பார்த்துத் தானாகவே ஓடும். வெள்ளவத்தை வீட்டு விறாந்தையில், டியூப் லைட் வெளிச்சத்தில், அப்படித்தான் ஓடியது.

மாம்புரிக்கு ஆட்டோ ஆயிரம் ரூபாய் என்றார் சாரதி. ஏறினேன்.

"பெட்டிக்குள்ள என்ன சேர், கோழியா?"

"ரோபோ."

"உசிரோடயா?"

சண்டைக் காலத்தில் வயரும் பற்றரியுமாக ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னைப் போன்ற தமிழன் ஒருவன் இந்த வீதியில் வந்திருந்தால் கதை வேறு. இப்போது கோழி என்று நினைக்கிறார்கள். நிம்மதியாக இருந்தது. அன்றைய தினத்தின் கடைசி நிம்மதி அதுதான்.

தென்னந்தோட்டங்களும் வெங்காயப் பாத்திகளும் மாறிமாறி வந்தன. கடற்கரையோரம் காற்றாலைகள் சுழன்றன. பதினொரு மணிக்கு பஸ்மியாவின் வாசலில் இறங்கினேன். இணையத்தில், ரோபோ செய்யும் பைத்தியங்களின் குழுவொன்றில் அறிமுகமானவர். இரண்டு பிள்ளைகளின் தாய். பழுதான பிரின்டரின் மோட்டரையும் விளையாட்டுக் காரின் சில்லையும் வைத்துக் கோடு பார்க்கும் வண்டியொன்றைச் செய்திருந்தார். தாய்மாமன் ஹாஜியாரின் வெங்காயக் களஞ்சிய அறையில் ஞாயிறுதோறும் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறார். தன் வண்டியோடு என்னுடையதையும் ஊருக்கு ஓட்டிக் காட்டத்தான் அழைத்திருந்தார்.

"இண்டைக்கு மாமா முடிவு சொல்லுவார் சேர்" என்றார். "வெங்காயம் புடுங்கப் போறாங்க. மெசின் ஓடினா அறை எங்களுக்கு. ஓடாட்டி வெங்காயத்துக்கு."

நண்பகல் ளுஹர் தொழுகை முடிந்து ஊரே வந்தது. அறைக்குள் அடங்காத கூட்டம். "வெளிய வைங்க, எல்லாரும் பாக்கட்டும்" என்றார் ஹாஜியார். வெங்காயம் காயப்போடும் சீமெந்துக் களத்தில் கறுப்பு டேப் ஒட்டினார்கள். வெயில் கண்ணைக் குத்தியது.

முதலில் பஸ்மியாவின் வண்டி. கூடையில் வெங்காயத்தோடு இரண்டடி போனது, குடித்தவனைப் போல வட்டம் அடித்தது, களத்தை விட்டு மணலில் கவிழ்ந்தது. பிள்ளைகள் வெங்காயம் பொறுக்கினார்கள்.

எனக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. வெயில். இத்தனை வெளிச்சத்தில் சென்சருக்குக் கறுப்பும் வெள்ளையும் ஒன்றுதான். யாரும் கவனிக்காமல் ஓரமாக என் வண்டியை இயக்கிப் பார்த்தேன். அதுவும் அதே குருடு. அடுத்தது என் முறை. ஒரு வார்த்தை, "வெயில்" என்று சொன்னால் போதும். சொல்லாமல், ஆபத்துக்கு உதவும் என்று கொண்டுவந்த சின்ன ரிமோட்டைக் காற்சட்டைப் பொக்கட்டுக்குள் தடவினேன். இடம், வலம் என்று இரண்டே பொத்தான்கள்; இரண்டையும் சேர்த்து அமுக்கினால் நேரே ஓடும்.

என் ரோபோ கோடு பிசகாமல் ஓடியது. ஊர் கைதட்டியது. நான் பொக்கட்டில் கை வைத்து நின்ற நிலையை ஸ்டைல் என்று நினைத்திருப்பார்கள்.

களத்தோரம் கதிரை போட்டு எனக்கு இனிப்புக்கு வட்டிலப்பம் வைத்தார்கள். பக்கத்தில் பஸ்மியா ஸ்குரூ டிரைவரோடு குந்தினார்.

"வெயிலாலதான் எண்டு முதல்ல நெனச்சன் சேர். ஆனா உங்கடது இதே வெயில்ல ஓடிச்சே. அப்ப நான் செஞ்சதுதான் பிழை" என்று சென்சரைக் கழற்றத் தொடங்கினார். பிழையே இல்லாத சென்சரை.

ஹாஜியார் வேலையாட்களுக்குச் சத்தம் போட்டார். "நாளைக்கு சாக்குகள உள்ள அடுக்குங்க. புள்ளைக்கு இது சரிவராது. கொழும்புத் தம்பி எப்பயாவது வந்து காட்டட்டும்."

வட்டிலப்பத்தைக் கீழே வைத்தேன். ரிமோட்டை எல்லோரும் பார்க்க வெளியே எடுத்து அமுக்கினேன். களத்தின் நடுவே சும்மா நின்ற என் ரோபோ திரும்பி, கோட்டைக் குறுக்கே மிதித்து, நேரே ஹாஜியாரின் செருப்பில் போய் முட்டியது.

ஹாஜியார் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்ப இது கோட்டப் பாத்து ஓடல்ல. ஒங்களப் பாத்து ஓடியிரிக்கி."

"ஓம் ஹாஜியார்" என்றேன். அந்த நேரம் தரை பிளந்தால் ரோபோவையும் தூக்கிக்கொண்டு இறங்கியிருப்பேன்.

பஸ்மியா கோபிப்பார் என்று காத்திருந்தேன். அவர் துள்ளி எழும்பினார். "அப்ப உங்கடதும் வெயில்ல குருடு! என்ட சென்சர் நல்லம்! டேய், தறப்பாளக் கொண்டுவாங்கடா!"

பிள்ளைகள் தறப்பாளை நான்கு பக்கமும் தூக்கிப் பிடித்தார்கள். கடற்காற்று அதை இழுக்க, அவர்கள் அதை இழுக்க, அந்த அசையும் நிழலுக்குக் கீழே பிரின்டர் மோட்டர் வண்டி நொண்டி நொண்டிக் கோட்டின் கடைசி வரை போனது. வழியில் விழுந்தது ஒரேயொரு வெங்காயம். அதை ஹாஜியாரே குனிந்து எடுத்தார்.

"சாக்குகள வெளிய சாய்ப்புல போடுங்க. அறை புள்ளைகளுக்கு" என்றார்.

என் ரோபோவை இன்னொரு தடவை ஓட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ரிமோட்டை மட்டும் பஸ்மியா கேட்டு வாங்கிக்கொண்டார். "வகுப்புக்கு வேணும் சேர். ஓடுற மெசினப் பாக்க முந்தி பக்கத்தில நிக்கிற ஆள்ட பொக்கட்டப் பாக்கோணும் எண்டு சொல்லிக் குடுக்கத்தான்." சிரித்துக்கொண்டே சொன்னார். கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பின்னேரம் நான்கு மணிக்கு பாலாவி பஸ் வந்தது. வெள்ளவத்தையில் என் வண்டி கவிழ்ந்தால் கதவைச் சாத்திக்கொண்டு கழற்றுவேன்; ஒழுங்காக ஓடினதை மட்டும் நண்பர்களுக்குக் காட்டுவேன். மாம்புரியில் கவிழ்ந்ததையும் ஊர் முன்னால் வைத்துத்தான் கழற்றுகிறார்கள்.

பஸ் நகர்ந்தது. வீதியோரம் நின்ற பிள்ளைகள் விடைகொடுக்கக் கை அசைக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, ஒன்றுமில்லை என்று காட்டிச் சிரித்தார்கள். நானும் பெட்டியை மடியில் வைத்து, இரண்டு கைகளையும் ஜன்னலுக்கு வெளியே விரித்துக் காட்டினேன். பஸ் திரும்பி அவர்கள் மறைந்த பிறகும், உள்ளே இழுக்க மனமில்லாமல்.