எந்தக் காட்சி யாருடையது

ஆங்கிலத்தின் அந்தப் பெரிய நாடகாசிரியர் கடைசிக் காலத்தில் எல்லாவற்றையும் தனியாக எழுதவில்லை. தன்னைவிட இளையவர் ஒருவரோடு காட்சிகளைப் பங்கு பிரித்து எழுதினார். அப்படி எழுதியதில் ஒரு நாடகம் தொலைந்தே போய்விட்டது. மிஞ்சியவற்றை வைத்துக்கொண்டு, இது பெரியவருடையது, அது சின்னவருடையது என்று அறிஞர்கள் இன்னும் தங்களுக்குள் அடிபடுகிறார்கள். இதை எனக்குச் சொன்னவர், யாழ்ப்பாணத்தில் ஆங்கில இலக்கியம் படிப்பித்துவிட்டு ஓக்லாந்துக்கு வந்த ஓர் ஆசிரியர். நான் அவரிடம் படித்ததில்லை, ஆனாலும் சேர் என்றுதான் கூப்பிடுவேன்.

ஓக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் கோயில் ஒளிவிழாவுக்கு வருடாவருடம் நானும் சேரும் சேர்ந்து, கிறிஸ்து பிறப்பைச் சொல்லும் நத்தார் நாடகம் எழுதினோம். ஞாயிறு பூசை முடிந்ததும் அவருடைய காருக்குள் இருந்தே காட்சிகளைப் பிரித்துக்கொள்வோம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு வசனங்களை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுப்பது என் வேலை. எதை யார் எழுதினோம் என்று வெளியில் சொல்வதில்லை என்பது எங்கள் ஒப்பந்தம்.

சனம் தானாகவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. உருக்கமெல்லாம் சேருடையது, சிரிக்கவைக்கும் பகிடியெல்லாம் என்னுடையது. உண்மை நேர்மாறு. நான் பேனையைத் தொட்டால் கண்ணீரும் கம்பலையும்தான். வெளியில் உர்ரென்று முகத்தை வைத்திருக்கும் சேர்தான் பகிடிக்காரர். எனக்கு எரிச்சலாக இருக்கும். அவரோ, "நினைச்சிட்டுப் போகட்டும் தம்பி. வீட்டிலை எனக்குக் கொஞ்சம் மரியாதை கிடக்கு, அதைக் கெடுத்துப்போடாதையும்," என்பார்.

போன குளிர்காலம் சேர் காலமானார். முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவுமலர் அச்சிட்டுக் கொடுப்பது எங்கள் வழக்கம். படத்துக்குக் கீழே அவர் எழுதிய நாலு வரி போடவேண்டும் என்று அவர் மனைவி, நான் அக்கா என்று அழைப்பவர், என்னைக் கூப்பிட்டார்.

"அவர் கதைக்கிற மாதிரியே இருக்கவேணும் தம்பி. வாசிச்சால் அவரின்ரை குரல் எனக்குக் கேக்கவேணும்."

நாடகப் பிரதிகளைக் கொண்டுபோய், தங்க இடம் கேட்டு வந்த தம்பதிக்குச் சத்திரக்காரன் சொல்லும் வசனத்தை அவருக்குக் காட்டினேன். 'இடமில்லையெண்டு நான் சொல்லேல்லை. ஆனா என்ரை மனுசியைக் கேளாமல் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட உள்ளுக்கு விடமாட்டன். அவ ஓமெண்டால் மாளிகை, இல்லையெண்டால் மாட்டுத்தொழுவம்.'

அக்கா வாசித்துவிட்டுத் தள்ளி வைத்தார். "இது உம்மடை பகிடியெல்லோ. அவர் இப்பிடிக் கதைக்கிற ஆளில்லை."

பிறகு அவரே தாள்களைப் புரட்டி, தங்க இடமின்றி அலையும் தாய் புலம்பும் வரிகளில் விரலை வைத்தார். "இதுதான் அவர்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது நான் எழுதியது. அழுகை கூடிப்போச்சு, வெட்டும் என்று சேர் என்னோடு சண்டை பிடித்த பகுதி.

ஓம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அந்த மனிதர் எவ்வளவு பெரிய பகிடிக்காரர் என்று கட்டின மனைவிக்கே தெரியாமல் போய்விட்டதே என்று நெஞ்சு பொறுக்கவில்லை. என் வரி இன்னொருவர் படத்துக்குக் கீழே போகிறதே என்ற ரோசமும் கொஞ்சம் இருந்தது, மறைப்பானேன்.

"இல்லை அக்கா, அது நான் எழுதினது. சத்திரக்காரன் பேசுறதுதான் சேர் எழுதினது."

அவர் அந்தத் தாளைத் திரும்ப எடுத்தார். மெல்ல வாசித்தார். சிரிப்பு வரப்பார்த்து நின்றுவிட்டது.

"முன்வரிசையிலை இருந்து இதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சனான் தம்பி. கெட்டிக்காரப் பெடியன் எண்டு அவரிட்டையே உம்மைப் புகழ்ந்தனான். ஓமெண்டு கேட்டுக்கொண்டு இருந்தார்." தாளை மடியில் வைத்துக்கொண்டார். "இத்தனை வருசத்திலை என்னோடை ஒருநாளும் இப்பிடிக் கதைக்கேல்லையே."

சொன்னதை எப்படித் திரும்ப வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. நினைவுமலர் வந்தது. படத்துக்குக் கீழே வேதாகம வசனம் ஒன்று இருந்தது, எல்லோருடைய நினைவுமலரிலும் வரும் அதே வசனம்.