மினுங்கும் போலிப் பூச்சி

சிட்னியிலிருந்து மெல்பன் போகும் வழியில், மே மாதக் குளிரில், ஓர் ஆற்றோரம் காரை நிறுத்துகிறோம். காரோட்டி வந்த சிவநாதன் தொடைவரை ரப்பர் சப்பாத்து மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறார். முட்டையிட ஆறேறும் ட்ரவுட் மீனுக்குப் புழு வேண்டாமாம். தூண்டில் முள்ளில் இறகும் சரிகையும் சுற்றிய போலிப் பூச்சி போதுமாம்.

"இந்தச் சரிகை எங்க வாங்கினனீங்கள்?" என்கிறேன்.

காரில் இருக்கும் மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறார்.

"அவவின்ர கூறைச் சேலை. உள்மடிப்பில கொஞ்சம்தான் உருவினனான். அவவுக்கு இன்னும் தெரியாது."

மீன் கடிக்கிறது. தூண்டிலின் தங்கூசி நூல் அறுந்து, சரிகையோடு மீன் போய்விடுகிறது.

கார்க் கண்ணாடி இறங்குகிறது.

"அடுத்ததை உங்கட பட்டு வேட்டியில உருவிக் கட்டுங்கோ," என்கிறார் மனைவி.

சிவநாதன் இன்னும் ஆழமான இடத்துக்கு நகர்கிறார்.