நீல நூல் கட்டிய ஊசி

இது நடந்தது. எனக்கு நடக்கவில்லை, எங்கள் எதிர்வீட்டு ஐமானுக்கு நடந்தது. ஆனால் கடைசியில் அந்த ஊசிகளில் ஒன்றை என் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள் நான். அதனால் யாரோ யாருக்கோ சொன்ன கதைகளோடு இதைச் சேர்த்துவிடாதீர்கள். பவ்லோதர் நகரத்தில் எங்கள் கட்டடத்துக்கு வந்து யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அன்று அந்த அறையில் இருந்தவர்கள் பாதிப் பேர் இன்னும் இங்கேதான் குடியிருக்கிறார்கள்.

பூனையின் பெயர் தொம்பாக். எங்கள் பாஷையில் குண்டன் என்று அர்த்தம். கிழமாகி, சர்க்கரை நோயும் வந்து, பெயருக்கும் உடம்புக்கும் சம்பந்தமே இல்லாமல் இளைத்துவிட்டது. ஐமானின் மாமனார் ஓராஸ் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். பூனையின் வைத்தியம் முழுக்க அவர் கையில் இருந்தது. காலை ஏழு மணிக்கு ஒரு இன்சுலின் ஊசி, மாலை ஏழு மணிக்கு ஒன்று. காதில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கவும் அவரால்தான் முடியும். வேறு யார் காதைத் தொட்டாலும் பிறாண்டிவிடும். சமையலறைச் சன்னலோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, மருந்து இழுத்த ஊசியைத் தூக்கிப் பிடித்து நகத்தால் மூன்று தட்டுத் தட்டுவார். டிக், டிக், டிக். குமிழி போனதும் பூனையின் பிடரித் தோலை இரண்டு விரலால் கூடாரம் போல உயர்த்தி, அதனடியில் போட்டுவிடுவார். தொம்பாக் திரும்பிக்கூடப் பார்க்காது.

ஜனவரிக் குளிரில் அவர் படுத்தார், பிறகு எழவில்லை. ஆஸ்பத்திரியில் பெற்ற மகளை விட்டுவிட்டு மருமகளைத்தான் பக்கத்தில் கூப்பிட்டார்.

"தொம்பாக் உன்கிட்ட அமானிதம், மகளே. ஒரு வேளை ஊசி விட்டுப்போனா உடனே சாகாது. ரெண்டு தடவை போட்டுட்டா செத்துடும். சந்தேகம் வந்தா கையைக் கட்டிக்கிட்டு உட்காரு."

அந்த வீட்டில் மற்ற எல்லோருக்கும் அவள் கெலின், அதாவது வாழ வந்த மருமகள். மகளே என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். நம்பி ஒப்படைத்ததைத் தொலைத்தவளுக்கு எங்கள் ஜனங்களிடம் மரியாதை கிடையாது என்பது இருக்கட்டும். அந்தப் பூனை செத்தால் அவரை இன்னொரு தடவை மண்ணில் வைப்பது போல இருக்கும் என்று ஐமான் என்னிடமே சொல்லி அழுதிருக்கிறாள்.

பெற்ற மகள் ராய்ஹானுக்கு இது பொறுக்கவில்லை. அடுத்த வாசலில்தான் வீடு. அவள் தம்பி தௌரென், அதாவது ஐமானின் புருஷன், எண்ணெய் வயலுக்கு வேலைக்குப் போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். அந்தத் தைரியத்தில் தன்னிடமிருந்த சாவியால் திறந்துகொண்டு நினைத்த நேரத்தில் உள்ளே வருவாள். அப்பாவின் உடுப்புகளைத் துணியில் மூட்டை கட்டிப் பெட்டியில் பூட்டியதும் அவள்தான். அடக்கம் முடிந்த அன்றே, எங்கள் எல்லோர் கண் முன்னாலும் முடிச்சுப் போட்டாள். நாற்பதாம் நாள் பிரித்து உறவுக்காரர்களுக்குக் கொடுப்பது முறை. பெட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"நாற்பதுக்கு எல்லாரும் வருவாங்க, கெலின். அதுவரைக்கும் அப்பா பூனை உசுரோட இருக்குதான்னு பார்ப்போம்" என்றாள்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு பூனையின் மருந்துக் குப்பி தீர்ந்தது. அந்த மருந்து ஊரில் கிடைக்கவில்லை. மனிதர்களுக்கான இன்சுலினையே வழக்கமான அதே இரண்டு யூனிட் போடலாம் என்று கால்நடை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஊசியும் புதிதாக வாங்கவேண்டும் என்று மருந்துக்கடைப் பெண் சொன்னாள். வீட்டில்தான் சிவப்பு மூடி ஊசிகள் பெட்டி நிறைய இருந்தனவே! ஊசிக்கு ஊசி என்ன வித்தியாசம், வியாபாரம் பார்க்கிறாள் என்று ஐமான் மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்று மாலையே ஆரம்பித்தது.

சிவப்பு மூடி ஊசியில் இரண்டாம் கோடு வரை மருந்து இழுத்தாள். சாசரில் வைத்தாள். வெந்நீர்க் குழாய்க்கு அடியில் படுத்திருந்த பூனையைத் தூக்கிவரப் போனாள். திரும்பி வந்தால் சாசர் காலி.

மேசைக்கு அடியில் தேடினாள். அடுப்புக்குப் பின்னால் தேடினாள். எங்குமில்லை. பூனையை இறக்கிவிடப் போனபோதுதான் கவனித்தாள். பிடரி மயிர் லேசாக நனைந்திருந்தது. முகர்ந்தாள்... இன்சுலின் நெடி.

ராய்ஹான் அப்போது மாமனாரின் அறையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஐமானுக்குச் சந்தேகம் விழுந்தது. போட்டாளா, போடவில்லையா? என்ன போட்டாள்? மாமனார் சொன்னது நினைவுக்கு வந்தது. இன்னொரு ஊசி எடுக்கவில்லை. தேன் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பூனை மயங்கினால் ஈறில் தடவலாம் என்று விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். பூனை மயங்கவில்லை, சுகமாகத் தூங்கியது.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். ராய்ஹான் இருந்த வேளையிலும் ஊசி காணாமல் போயிற்று, இல்லாத வேளையிலும் போயிற்று. இல்லாத வேளை என்றால் என்ன, அவளிடம்தான் சாவி இருக்கிறதே? வீட்டுக்குள் திருடி இருந்தால் விடிய விடியக் காவல் இருந்து என்ன பயன் என்று ஐமான் புழுங்கினாள். நானும் ராய்ஹானைத்தான் நினைத்தேன். மறைப்பானேன்.

இப்படி மூன்று வாரம் போயிற்று. அன்று சாயங்காலம் ஐமான் வாய்விட்டுக் கேட்டேவிட்டாள். ராய்ஹானுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"எங்கப்பா வளர்த்த பூனையை நான் கொல்லுவேனாடி? உன் வீடும் வேண்டாம், உன் சாவியும் வேண்டாம்."

வீட்டுச் சாவியை மேசையில் எறிந்தாள். படியிறங்கிப் போனாள். நாற்பதாம் நாள் வரை அந்த வாசலை மிதிக்கவில்லை.

ஐமான் கதவைச் சாத்திச் சங்கிலியும் போட்டாள். பழைய ஸ்வெட்டரிலிருந்து நீல நூல் ஒன்றை அறுத்து ஊசியில் கட்டினாள். எங்கே அகப்பட்டாலும் அடையாளம் தெரியட்டும். மருந்து இழுத்துச் சாசரில் வைத்தாள். இந்த முறை பூனையைத் தேடிப் போகவில்லை. எதிரில் உட்கார்ந்து சாசரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி ஏழு.

கெட்டில் ஊதியது. தலையை மட்டும்தான் திருப்பினாள்.

டிக்.

சன்னல் பக்கமிருந்து.

டிக்... டிக்.

சாசர் காலி.

தொம்பாக் குழாய்க்கு அடியிலிருந்து தானாக எழுந்து வந்தது. காலி முக்காலிக்கு முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்தது. தலையைத் தாழ்த்தியது. உறுமல் போல ஒரு முனகல், சந்தோஷமாக இருக்கும்போது போடுமே, அது.

பிடரித் தோல் எழும்பியது.

கூடாரம் போல...

அப்படியே நின்றது.

விரல் இல்லை. யாரும் இல்லை.

மெல்லப் படிந்தது.

ஐமான் ஓடிவந்து என் கதவைத் தட்டினாள். பூனையை என்னிடம் நீட்டினாள். நான் பிடரியை முகர்ந்தேன். அதே நெடி. அவள் வீட்டுச் சங்கிலியை அவள்தான் கழற்றிவிட்டு வந்திருந்தாள். நான் போய்ப் பார்த்தேன், அறைகளில் ஒரு ஈ இல்லை.

காலையில் இரண்டு பேருமாகப் பூனையைப் பையில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடந்த சில வாரங்களில் சர்க்கரை எப்படி இருந்தது என்று காட்டும் ஒரு ரத்தச் சோதனை இருக்கிறதாம், அதைச் செய்தார்கள். டாக்டரம்மா முடிவைப் பார்த்துவிட்டு ஐமானைப் பாராட்டினாள். இந்த வயதில் இவ்வளவு கட்டுப்பாடாக வைத்திருப்பது பெரிய விஷயமாம். எந்த ஊசியில் போடுகிறீர்கள் என்று கேட்டாள். ஐமான் கைப்பையிலிருந்து சிவப்பு மூடி ஊசி ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இது பழைய மருந்துக்கு உள்ளதும்மா. புது மருந்து அதைவிடக் கெட்டி. இதுல ரெண்டாம் கோடு வரைக்கும் இழுத்தா ரெண்டரை மடங்கு போகும். இதை நீங்க போட்டிருந்தா பூனை முதல் நாளே போயிருக்கும்."

 வரும் வழியில் புது ஊசிப் பெட்டி வாங்கினோம். அந்த மாலை ஐமானே போட்டாள். ஊசி சாசரிலேயே இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுகூடத் தொலையவில்லை.

நாற்பதாம் நாள் வீடு நிறைய ஜனம். ரொட்டி பொரித்த எண்ணெய் வாசனை. ராய்ஹான் உர்ரென்று வந்தாள், கழுத்துச் சாவியைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தாள். மூட்டையைத் தொட்டுப் பார்த்து, "நான் போட்ட முடிச்சு அப்படியே இருக்கு" என்று எல்லோரும் கேட்கச் சொன்னாள். அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தாள். டிராம் ஓட்டும்போது மாமனார் போட்டிருந்த கனத்த கோட்டை ஒரு பெரியவருக்குக் கொடுக்க உதறினாள்.

கோட்டுப் பையிலிருந்து சிவப்பு மூடி ஊசிகள் கொட்டின.

ராய்ஹான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா" என்றாள். 

குவியலின் மேலேயே கிடந்தது, நீல நூல் கட்டிய ஊசி. ஐமான் அதை எடுத்து நீட்ட, நான் வாங்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பிறகு இன்னொன்றை. பிறகு இன்னொன்றை. எல்லாவற்றிலும் மூடி ஒழுங்காக மாட்டியிருந்தது. எல்லாவற்றிலும், இரண்டாம் கோடு வரை இழுத்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, ஒரே உயரத்தில், மருந்து மிச்சம் இருந்தது.

தொம்பாக்குக்குப் போகவேண்டியது மட்டும் போயிருந்தது.