ஏழாவது படியில் விழுந்த பதினோரு பேர்

என் அக்கா புரோகிராம் எழுதுகிறவர்களுக்குப் பாடம் எழுதுகிறாள். "இதை டைப் செய்யுங்கள், திரையில் இது வரும், வந்ததா? சரி, அடுத்தது" என்று படிப்படியாக எழுதி இணையத்தில் போடுவாள். எங்கெங்கோ இருப்பவர்கள் அதைப் பார்த்து அப்படியே செய்வார்கள். முன்பு அவளும் புரோகிராம்தான் எழுதினாள். மற்றவர்களுடைய பாடங்களை நம்பி இறங்கி, பாதியில் மாட்டிக்கொண்டு பல்லைக் கடித்த கோபத்தில்தான் இந்தப் பக்கம் வந்தாள்.

அவளுடைய மேசை வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன்மேல் இரண்டு லேப்டாப். ஒன்று அவளுடையது. இன்னொன்றின் பெயர் பழையவன். ஒவ்வொரு பாடமும் முடிந்ததும் பழையவனுக்குள் இருப்பதையெல்லாம் துடைத்து, கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரி ஆக்கி, முதல் படியிலிருந்து செய்து பார்ப்பாள். இதற்கு அவள் வைத்த பெயர் குளிப்பாட்டுதல். "பழையவனைக் குளிப்பாட்டிட்டு வந்து சாப்பிடறேன்" என்று அவள் ஒருநாள் சொன்னபோது, புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டம்மா அத்தானைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் கவனித்தேன். அத்தான் கவனிக்கவில்லை.

அந்த வாரம் பழையவன் ரிப்பேர் கடையில் இருந்தான். பாடத்தையோ செவ்வாய்க்கிழமை போட்டாக வேண்டும். அக்கா பாடம் எழுதிக் கொடுக்கும் கம்பெனியில் அவளுடைய சோதனைக் காலம் அடுத்த திங்கட்கிழமையோடு முடிகிறது. எத்தனை பேர் பாடத்தைக் கடைசிவரை செய்கிறார்கள் என்று பார்த்துத்தான் வேலையை நிரந்தரமாக்குவார்கள். தன் லேப்டாப்பிலேயே செய்து பார்த்தாள். ஓடியது. போட்டுவிட்டாள்.

போனுக்குத் தானாகச் செய்தி அனுப்பும் ஒரு சின்ன புரோகிராம், அவ்வளவுதான். மொத்தம் எட்டுப் படி. ஏழாவதில் செய்தி வர வேண்டும்.

மறுநாள் பக்கத்தின் அடியில் பதினோரு பேர் எழுதியிருந்தார்கள். ஏழாவது படியில் சிவப்பாக ஏதோ வருகிறது, செய்தி வரவில்லை. "நான்காவது படியை விட்டிருப்பீர்கள். மறுபடி கவனமாகச் செய்யுங்கள்" என்று அக்கா ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் போட்டாள். பொறுமையெல்லாம் எழுத்தில் மட்டும்தான். "கண்ணை எங்க வெச்சுக்கிட்டுப் படிக்கிறாங்க!" என்று வாய் வேறு பேசியது.

வியாழக்கிழமை அந்தப் பதினோரு பேரில் ஒருவர் திரும்ப எழுதினார். "மூன்று தடவை முதலிலிருந்து செய்தேன். அடுத்த வாரம் புது வேலையில் சேர வேண்டும். இதுவே வரவில்லை என்றால் நான் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை போலிருக்கிறது."

அக்கா அதைச் சத்தமாகப் படித்தாள். அத்தான் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

"ஏம்மா, பதினோரு பேர் போன் பண்ணி லிஃப்ட் ஏழாவது மாடியில நின்னுடுதுன்னு சொன்னா, பட்டனை ஒழுங்கா அமுக்குங்கன்னா சொல்லுவேன்?"

"எனக்கு ஓடுதுங்க."

"உனக்கு ஓடும். உன் வீட்டு லிஃப்ட்டாச்சே."

அக்கா ரிப்பேர் கடைக்குப் போன் போட்டு, பழையவன் எப்போது வருவான் என்று கேட்டாள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை காலை பழையவன் வந்து சேர்ந்தான். உடனே குளியல். அத்தானைப் பிடித்து அதன்முன் உட்காரவைத்தாள். அவள் வாயைத் திறக்கக் கூடாது என்பது அத்தான் போட்ட நிபந்தனை. ஒற்றை விரலால் அவர் தட்டத் தட்ட, அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது படியில் 'விருப்பமான பெயர் கொடுக்கவும்' என்று இருந்தது. அத்தான் மோட்டுவளையைப் பார்த்து யோசிக்க ஆரம்பித்தார்.

"பிள்ளைக்கா பேர் வெக்கிறீங்க?"

"பார்த்தியா, பேசிட்டே!"

ஏழாவது படி. சிவப்பு.

அக்கா அவரை அப்படியே நாற்காலியோடு தள்ளிவிட்டுத் தேடினாள். செய்தி அனுப்பும் நிறுவனம் ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசியச் சாவி தரும். நீளமான எழுத்து வரிசை. எட்டு மாதத்துக்கு முன்பு வேறொரு வேலைக்காக அதைத் தன் லேப்டாப்புக்குள் பதிந்து வைத்து மறந்திருக்கிறாள். அவள் புரோகிராம் அதை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. சாவியைப் பதியச் சொல்லும் வரி பாடத்தில் எங்குமே இல்லை.

வரியைச் சேர்க்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. மேனேஜருக்குப் போன் போட்டாள்.

"சரி, சத்தம் போடாம மாத்திடுங்க. திங்கட்கிழமை மீட்டிங் இருக்கு, இப்ப எதுக்கு அதைப் பெருசாக்கணும்?"

"அந்தப் பதினோரு பேரும் ஒழுங்கா செய்யலன்னு பதில் போட்டிருக்கேன், சார்."

"உங்க இஷ்டம்" என்று வைத்துவிட்டார். அந்தக் குரலில் இஷ்டம் எதுவும் இல்லை.

அக்கா உட்கார்ந்து பாடத்தின் தலையிலேயே எழுதினாள்: "இந்தப் பாடத்தில் ஒரு வரி இன்று காலைவரை விட்டுப்போயிருந்தது. ஏழாவது படியில் நின்றவர்கள் எல்லாம் சரியாகத்தான் செய்தீர்கள். தவறு என்னுடையது." பதினோரு பேருக்கும் தனித்தனியாக மன்னிப்பும் கேட்டாள்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் வேலை நிரந்தரமாகவில்லை. இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்றார்களாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேசைக்கு வந்தவள், திரையைப் பார்த்ததும் ஓவென்று சிரித்தாள். லாயக்கில்லை என்று எழுதியவரிடமிருந்து பதில் வந்திருந்தது.

"செய்தி வந்துவிட்டது. ஆனால் எட்டாவது படியில் நீங்கள் போட்டிருக்கும் படம் பழசு. இப்போது அந்தப் பட்டன் இடது பக்கம் இருக்கிறது. கொஞ்சம் கவனமாகப் பாருங்கள்."

"பாருடி, எப்படி அதட்டறார்னு!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, எட்டாவது படியைத் திறந்தாள்.